‘கன்சிடர்’: பொருள் பிரித்து, பிழையில்லாமல் எழுத ஒரு முழு வழிகாட்டி

‘கன்சிடர்’ என்ற சொல்லைத் தெரியாதவர் குறைவு. ஆனால் அதை வைத்து பத்து வாக்கியம் எழுதச் சொன்னால் பாதியாவது தடுமாறும். சொல் கடினம் என்பதால் அல்ல. தமிழில் யோசி, கருது, பரிசீலி, கணக்கில் எடு என்று தனித்தனிச் சொற்கள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் செய்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் அதன் பின்னால் வரும் இலக்கணம் வேறு. பொருளைப் பிரிக்காமல் இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதலில் பொருள், பிறகு அதன் பின்னால் வரும் சொற்கள், பிறகு காலம், அதற்கும் பிறகுதான் பாசிவ், அதாவது செயப்பாட்டு வினை. குடும்பச் சொற்களும் கடித நடையும் கடைசியில்.

1. தொடங்கும் முன் தேவையானவை

மூன்று விஷயம் போதும். ஒன்று, வாக்கியத்தில் ஆப்ஜெக்ட் எது, அதாவது செயப்படுபொருள் எது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். இரண்டு, வினைச்சொல்லுடன் ‘இங்’ சேர்ந்த வடிவத்துக்கும் ‘டு’ போட்டு வரும் வடிவத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்: ‘கோயிங்’ ஒன்று, ‘டு கோ’ இன்னொன்று.

மூன்றாவது, மொழி கற்பவர்களுக்காகவே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றிலும் கற்பவர்களுக்கான பதிப்பு உண்டு. ஆங்கிலம்–தமிழ் அகராதி மட்டும் வைத்துக்கொண்டால், ‘கருது, ஆலோசி, சிந்தி’ என்று கமா போட்டு வரிசையாகக் கொடுத்துவிடும், எந்தப் பொருளுக்கு எந்த அமைப்பு என்று பெரும்பாலும் சொல்லாது. கற்பவர் அகராதியில் ஒவ்வொரு பொருளும் தனி எண்ணுடன், வாக்கியங்களுடன் இருக்கும். அந்த வாக்கியங்கள்தான் பாடம்.

2. பொருளை மூன்றாகப் பிரியுங்கள்

எந்த வாக்கியத்தை எழுதும் முன்பும், தமிழில் நீங்கள் சொல்ல வந்தது இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யுங்கள்.

முதல் பொருள்: யோசித்துப் பார்ப்பது, பரிசீலிப்பது. முடிவு இன்னும் எடுக்கவில்லை, மனதில் எடைபோடுதல் நடக்கிறது. ‘ஐ ஆம் கன்சிடரிங் யுவர் ஆஃபர்’ என்றால் நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆம் என்றோ இல்லை என்றோ இன்னும் சொல்லவில்லை.

இரண்டாம் பொருள்: கருதுவது. யோசனை முடிந்துவிட்டது, ஒரு கருத்து நிலைத்துவிட்டது. ‘ஐ கன்சிடர் ஹெர் எ குட் டாக்டர்’ என்றால் அவர் நல்ல மருத்துவர் என்பது என் கருத்து.

மூன்றாம் பொருள்: கணக்கில் எடுத்துக்கொள்வது. ‘இஃப் யூ கன்சிடர் ஹிஸ் ஏஜ், ஹி ரன்ஸ் வெல்’, அவருடைய வயதைக் கணக்கில் எடுத்தால் நன்றாகவே ஓடுகிறார்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், பின்னால் ‘இங்’ வருமா, ‘ஆஸ்’ வருமா, ‘ஆம் கன்சிடரிங்’ என்று தொடர் நிகழ்காலத்தில் எழுதலாமா என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. தமிழ் வழியில் கணக்குப் படித்தவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஒரு முக்கோணத்தைக் கருதுக’ என்று பாடப்புத்தகம் சொல்வது ‘கன்சிடர் எ டிரையாங்கிள்’ என்பதைத்தான். ஆனால் அது இரண்டாம் பொருள் அல்ல, முதல் பொருள்: எடுத்துப் பார், மனதில் வை. தமிழ்ச் சொல் ‘கருது’ என்பதால் மட்டும் இரண்டாம் பொருளில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வெறுமனே ‘நினைக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்தச் சொல் வராது. ‘மழை வரும் என்று நினைக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ திங்க் இட் வில் ரெயின்’ தான். அங்கே ‘ஐ கன்சிடர் இட் வில் ரெயின்’ என்று எழுதினால் தப்பு. ‘திங்க்’ கொஞ்சம் சாதாரணமாகத் தெரிகிறது, எடுப்பாக ஏதாவது போடுவோம் என்று நினைப்பவர்கள் விழும் முதல் பள்ளம் இது.

3. முதல் பொருள்: பின்னால் ‘அபவுட்’ வேண்டாம், ‘டு’ வேண்டாம்

புதிதாக எழுதுபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை ‘கன்சிடர் அபவுட்’. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ‘அதைப் பற்றி யோசி’ என்ற தமிழிலிருந்து. ‘பற்றி’ என்றதும் கை தானாக ‘அபவுட்’ போட்டுவிடுகிறது. ‘திங்க் அபவுட்’ என்பது பழகிப் போயிருப்பதும் ஒரு காரணம். ‘கன்சிடர்’ தன் ஆப்ஜெக்டை நேராக எடுத்துக்கொள்ளும், நடுவில் எதுவும் வராது:

தவறு: ‘பிளீஸ் கன்சிடர் அபவுட் மை ஐடியா.’
சரி: ‘பிளீஸ் கன்சிடர் மை ஐடியா.’
அதுவும் சரி: ‘பிளீஸ் திங்க் அபவுட் மை ஐடியா.’

‘டிஸ்கஸ்’ என்ற சொல்லிலும் இதே பிழை வரும். அங்கேயும் ‘அபவுட்’ கிடையாது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள், ஒன்றைத் திருத்திக்கொண்டால் மற்றதும் திருந்தும்.

அடுத்தது, ஒரு செயலைச் செய்யலாமா என்று யோசிப்பது. இங்கே ‘இங்’ வடிவம்தான்.

தவறு: ‘ஷி இஸ் கன்சிடரிங் டு மூவ்.’
சரி: ‘ஷி இஸ் கன்சிடரிங் மூவிங்.’

‘கன்சிடரிங் மூவிங்’ என்று இரண்டு ‘இங்’ அடுத்தடுத்து வரும்போது காதுக்கு இடிக்கும். அதனாலேயே பலர் இரண்டாவதை ‘டு’ ஆக மாற்றிவிடுகிறார்கள். இடித்தாலும் அதுதான் சரி. ரொம்ப உறுத்தினால் வாக்கியத்தையே மாற்றுங்கள்: ‘ஷி மைட் கன்சிடர் மூவிங்’, ‘ஷி ஹாஸ் கன்சிடர்ட் மூவிங்’.

சரி, ‘கன்சிடர்’ பின்னால் ‘டு’ வரவே வராதா என்றால், வரும். அதுதான் சிக்கல். ‘வெதர்’, ‘ஹௌ’, ‘வாட்’, ‘வேர்’ போன்ற சொல் நடுவில் வந்தால் அதற்குப் பின் ‘டு’ போடலாம்: ‘தே ஆர் கன்சிடரிங் வெதர் டு செல் த ஹவுஸ்’, வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். இந்த மாதிரி வாக்கியங்களை எங்கோ படித்துவிட்டு, நடுவிலிருக்கும் ‘வெதர்’ஐ மறந்து ‘டு’வை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதால்தான் ‘கன்சிடரிங் டு செல்’ பிறக்கிறது.

ஒருவரை ஒரு வேலைக்கோ பரிசுக்கோ பரிசீலிப்பது என்றால் ‘ஃபார்’: ‘வி ஆர் கன்சிடரிங் ஹெர் ஃபார் த போஸ்ட்’.

4. இரண்டாம் பொருள்: ‘ஆஸ்’ போடலாமா?

ஒருவரை அல்லது ஒன்றை இன்னதென்று கருதும்போது ஆங்கிலம் இரண்டு சொற்களை அருகருகே வைத்துவிடுகிறது, இணைக்கும் சொல் எதுவும் இல்லாமலே:

‘ஐ கன்சிடர் ஹிம் எ ஃப்ரெண்ட்.’ அவரை நண்பராகக் கருதுகிறேன்.
‘ஐ கன்சிடர் திஸ் அன்ஃபேர்.’ இதை நியாயமற்றது என்று கருதுகிறேன்.

தமிழில் ‘நண்பராக’ என்பதில் ‘ஆக’ இருக்கிறது. அந்த ‘ஆக’வுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடினால் ‘ஆஸ்’ கிடைக்கும். ‘ஐ கன்சிடர் ஹிம் ஆஸ் எ ஃப்ரெண்ட்’. இது தவறா? நல்ல எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள், ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் கறாரான ஆசிரியர்கள் திருத்துவார்கள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வில் வாக்கியத் திருத்தப் பகுதி இருந்த காலத்தில் ‘ஆஸ்’ இல்லாத வடிவத்தைத்தான் சரியென்று எடுத்துக்கொண்டார்கள். ‘ஆஸ்’ இல்லாமல் எழுதினால் யாருமே குறை சொல்லப்போவதில்லை, அதனால் புதிதாகப் பழகுபவர் அந்தப் பக்கமே நிற்பது நல்லது.

ஏதாவது ஒரு சொல் நடுவில் இருந்தே ஆக வேண்டும் என்று கை துடித்தால் ‘டு பி’ போடுங்கள்: ‘ஐ கன்சிடர் ஹிம் டு பி எ ஃப்ரெண்ட்’. முழுக்கச் சரி, கொஞ்சம் முறைப்பான நடை, அவ்வளவுதான். மேலே சொன்ன ‘டு’ குழப்பத்துக்கு இதுவும் ஒரு ஊற்று: ‘கன்சிடர் … டு பி’ என்று பார்த்தவர்கள் நடுவில் ஒரு ஆப்ஜெக்ட் இருந்ததைக் கவனிப்பதில்லை.

‘ரிகார்ட்’ என்ற சொல் நேரெதிர். அதே பொருள்தான், ஆனால் அங்கே ‘ஆஸ்’ கட்டாயம்: ‘ஐ ரிகார்ட் ஹிம் ஆஸ் எ ஃப்ரெண்ட்’. இந்த இரண்டையும் ஒரே நாளில் படிக்காதீர்கள், கலந்துவிடும்.

‘ஆஸ்’ தாராளமாக வரக்கூடிய இடமும் உண்டு. ‘வி ஆர் கன்சிடரிங் ஹிம் ஆஸ் எ ரிப்ளேஸ்மென்ட்’, அவரை மாற்று ஆளாகப் போடலாமா என்று யோசிக்கிறோம். இது இரண்டாம் பொருள் அல்ல, முதல் பொருள். பரிசீலனை நடக்கிறது, எந்தப் பொறுப்புக்கு என்பதை ‘ஆஸ்’ சொல்கிறது. இங்கே அதை எடுத்துவிட்டால் வாக்கியம் கெட்டுவிடும். பொருளைப் பிரிக்காமல் ‘ஆஸ் வரவே கூடாது’ என்று விதி மட்டும் படித்தவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

ஒரு செயலைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது ‘இட்’ ஒன்றை ஆப்ஜெக்ட் இடத்தில் உட்கார வைத்து, உண்மையான விஷயத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டும்: ‘ஐ கன்சிடர் இட் எ மிஸ்டேக் டு வெயிட்’, காத்திருப்பது தவறு என்று கருதுகிறேன். ‘இட்’ விட்டுப்போவது சகஜம். தமிழில் அதற்கு இணையான சொல் இல்லாததால் விட்டது கண்ணுக்கே தெரியாது, எழுதி முடித்ததும் தேடிப் பாருங்கள்.

எதிர்மறையை முன்னால் வையுங்கள். ‘ஐ டோன்ட் கன்சிடர் இட் எ பிராப்ளம்’ இயல்பு. ‘ஐ கன்சிடர் இட் நாட் எ பிராப்ளம்’ என்று யாரும் பேசுவதில்லை.

5. காலம்: எங்கே ‘ஆம் கன்சிடரிங்’, எங்கே ‘கன்சிடர்’

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி என்பது என் எண்ணம், பொருள் முழுக்க மாறிவிடுவதால்.

யோசனை என்பது நடந்துகொண்டிருக்கும் வேலை. அதனால் முதல் பொருளுக்குத் தொடர் நிகழ்காலம் இயல்பாகப் பொருந்தும்: ‘ஐ ஆம் கன்சிடரிங் எ நியூ ஜாப்’. கருத்து என்பது வேலை அல்ல, ஒரு நிலை, அது ‘நடந்துகொண்டிருக்காது’. அதனால் இரண்டாம் பொருளுக்குச் சாதாரண நிகழ்காலம்: ‘ஐ கன்சிடர் இட் எ குட் ஜாப்’.

தமிழில் ‘யோசிக்கிறேன்’, ‘கருதுகிறேன்’ இரண்டும் ஒரே கால வடிவத்தில் வருகின்றன. அதனால் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி எழுதத் தோன்றும். வழக்கமாக வரும் இரண்டு பிழைகள்:

‘ஐ ஆம் கன்சிடரிங் ஹிம் எ குட் டீச்சர்.’ கருத்தைச் சொல்ல வந்தவர் யோசனையின் வடிவத்தைப் போட்டுவிட்டார். ‘ஐ கன்சிடர் ஹிம் எ குட் டீச்சர்’ என்று இருக்க வேண்டும்.

‘ஐ கன்சிடர் சேஞ்சிங் மை ஜாப்.’ வேலை மாறலாமா என்று இப்போது யோசிக்கிறார், ஆனால் சாதாரண நிகழ்காலம். ‘ஐ ஆம் கன்சிடரிங் சேஞ்சிங் மை ஜாப்’ தான் சரி. அவ்வப்போது யோசிப்பேன் என்று பழக்கமாகச் சொன்னால் சாதாரண நிகழ்காலம் வரலாம்: ‘ஐ சம்டைம்ஸ் கன்சிடர் குவிட்டிங்’. அந்த ‘சம்டைம்ஸ்’ போன்ற ஒரு சொல் துணைக்கு இருக்க வேண்டும்.

6. பாசிவ்: அலுவலக மின்னஞ்சல்களைக் கெடுக்கும் ஒரு வரி

‘உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படுகிறது’ என்பதை அப்படியே மாற்றினால் ‘யுவர் அப்ளிகேஷன் இஸ் கன்சிடர்ட்’ என்று வரும். படிப்பவர் ‘என்னவாகக் கருதப்படுகிறது?’ என்று அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். காரணம், ‘இஸ் கன்சிடர்ட்’ பெரும்பாலும் இரண்டாம் பொருளின் பாசிவ். பின்னால் ஏதாவது வந்தே ஆக வேண்டும்: ‘ஹி இஸ் கன்சிடர்ட் அன் எக்ஸ்பர்ட்’, ‘இட் இஸ் கன்சிடர்ட் ரூட் டு இன்டரப்ட்’.

பரிசீலனை இப்போது நடக்கிறது என்றால் ‘யுவர் அப்ளிகேஷன் இஸ் பீயிங் கன்சிடர்ட்’. அந்த ‘பீயிங்’ இல்லாமல் போவதுதான் பிழை. அதே விஷயத்தை ‘யுவர் அப்ளிகேஷன் இஸ் அண்டர் கன்சிடரேஷன்’ என்றும் எழுதலாம்.

பரிசீலனை முடிந்துவிட்டது என்றால் ‘ஹாஸ் பீன் கன்சிடர்ட்’. கவனியுங்கள், முடிவு என்ன என்று இது சொல்லவில்லை. இந்த வடிவத்தில் ஒரு கடிதம் ஆரம்பித்தால் அடுத்த வரியில் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ வரலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

பாசிவ்வில் ‘டு பி’ தாராளமாக வரும்: ‘ஷி இஸ் கன்சிடர்ட் டு பி த பெஸ்ட்’. கட்டுரைகளில், யார் கருதுகிறார்கள் என்று சொல்லாமல் பொதுக் கருத்தைச் சொல்ல வசதியான அமைப்பு. வசதியானது என்பதாலேயே பத்திக்கு நான்கு முறை போட்டுவிடுகிறார்கள், யார் கருதுவது என்று கேட்டால் பதில் இருக்காது. தெரிந்தால் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

7. மூன்றாம் பொருள்: கணக்கில் எடுப்பது

‘கன்சிடரிங்’ என்பது இங்கே வினையே இல்லை. ‘என்பதைப் பார்த்தால்’, ‘என்றாலும்’ என்ற அளவில் ஒரு இணைப்புச் சொல்லாகவே மாறிவிட்டது. ‘கன்சிடரிங் த வெதர், த மேட்ச் வென்ட் வெல்’, வானிலையைப் பார்த்தால் ஆட்டம் நன்றாகவே போனது. வானிலையை யோசித்தது ஆட்டமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுவாய் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இந்த இடத்தில் இல்லை.

பின்னால் முழு வாக்கியம் வந்தால் ‘கன்சிடரிங் தட்’ அல்லது வெறும் ‘கன்சிடரிங்’: ‘கன்சிடரிங் தட் ஷி ஸ்டார்ட்டட் லேட், ஷி டிட் வெல்’. பேச்சில் கடைசியில் தனியாகவும் வரும்: ‘நாட் பேட், கன்சிடரிங்’, நிலைமைக்குப் பரவாயில்லை. எதிர்பார்த்ததைவிட மேல் அல்லது கீழ் என்ற ஒரு சாயல் இதில் பெரும்பாலும் இருக்கும். வெறும் காரணம் சொல்ல மட்டும் வேண்டுமென்றால் ‘பிகாஸ்’ போடுங்கள்.

இதே பொருளில் ‘டேக் இன்டு கன்சிடரேஷன்’ உண்டு, ஆப்ஜெக்ட் நீளமாக இருந்தால் கடைசியில் வைக்கலாம். ‘ஆல் திங்ஸ் கன்சிடர்ட்’ என்றால் எல்லாவற்றையும் பார்த்தபிறகு. இது அப்படியே உறைந்துபோன தொடர், ‘ஆல் த திங்ஸ்’ என்று நடுவில் எதையும் நுழைக்காதீர்கள்.

8. குடும்பச் சொற்கள்: பார்க்க ஒன்று போல, பொருள் வேறு

‘கன்சிடரபிள்’ என்றால் கணிசமான. ‘கன்சிடரட்’ என்றால் பிறர் சிரமம் அறிந்து நடந்துகொள்கிற. இரண்டுக்கும் யோசனையோடு நேரடித் தொடர்பு இல்லை என்பதால் மாற்றிப் போடுவது எளிது. ‘ஹி இஸ் எ கன்சிடரபிள் பெர்சன்’ என்று ஒருவரைப் பாராட்டி எழுதினால், அவர் இரக்கமுள்ளவர் என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ‘கன்சிடரட்’ ஆட்களுக்கும் அவர்கள் செயலுக்கும் வரும். ‘கன்சிடரபிள்’ அளவுக்கு வரும்: ‘எ கன்சிடரபிள் அமவுன்ட்’, ‘கன்சிடரபிள் டிலே’.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கன்சிடரட்’ கடைசியில் ‘ரேட்’ அல்ல, மெலிந்த ‘ரட்’. ‘மாடரட்’, ‘செபரட்’ போன்ற பெயரடைகளிலும் அப்படித்தான். வினையாக வரும்போதுதான் ‘மாடரேட்’, ‘செபரேட்’ என்று நீளும். ‘கன்சிடர்’ இல் அழுத்தம் ‘சி’ மேல். முதல் ‘கன்’ விழுங்கினாற்போல வரும். ‘கன்சிடரேஷன்’ இல் அழுத்தம் ‘ரே’ மேல் நகர்ந்துவிடும்.

‘கன்சிடர்ட்’ பெயரடையாகவும் வரும்: ‘மை கன்சிடர்ட் ஒப்பீனியன்’, நன்கு யோசித்த பிறகு என் கருத்து. அவசரத்தில் சொன்னதல்ல என்று காட்ட நல்ல சொல். எதிர்ப்பதம் வேண்டுமென்றால் ‘இல்-கன்சிடர்ட்’, சரியாக யோசிக்காமல் செய்தது. ஆளைக் குறை சொல்ல ‘இன்கன்சிடரட்’. ‘அன்கன்சிடரட்’ இன்று வழக்கில் இல்லை. எடுத்த முடிவை மறுபடி யோசிக்க ‘ரீகன்சிடர்’, அதனுடன் ‘அகெய்ன்’ சேர்க்க வேண்டாம். ‘ரீ’ அந்த வேலையைச் செய்துவிட்டது.

9. ‘கன்சிடரேஷன்’: எப்போது ‘எஸ்’ போடலாம்

யோசனை, பரிவு என்ற பொருளில் எண்ண முடியாது. ‘ஆஃப்டர் கேர்ஃபுல் கன்சிடரேஷன்’ என்பதில் ‘எ’யும் இல்லை, ‘எஸ்’ஸும் இல்லை. முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டிய ஒரு அம்சம் என்ற பொருளில் எண்ணலாம்: ‘காஸ்ட் இஸ் எ மேஜர் கன்சிடரேஷன்’, ‘தேர் ஆர் அதர் கன்சிடரேஷன்ஸ்’.

ஒப்பந்தங்களில் இந்தச் சொல்லைப் பார்த்தால் யோசனை, பரிவு எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அங்கே அது மறுபயன், அதாவது ஒரு தரப்பு தரும் வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு தருவது. ஆங்கிலச் சட்ட மரபில் பொதுவாக இது இல்லாத வெறும் வாக்குறுதி ஒப்பந்தமாகக் கட்டுப்படுத்தாது. ‘இன் கன்சிடரேஷன் ஆஃப்’ என்று ஒரு பத்திரத்தில் ஆரம்பித்தால் ‘இன்னதற்கு ஈடாக’ என்று படிக்க வேண்டும். ‘இன்னதைக் கருதி’ என்று மொழிபெயர்த்துவிட்டு, பணம் கைமாறும் வரியைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு.

10. வேண்டுகோள் எழுதும்போது

‘பரிசீலித்து உதவுங்கள்’ என்று நாம் எழுதும்போது ‘கொடுங்கள்’ என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘பிளீஸ் கன்சிடர்’ அந்த அளவுக்குப் போகாது. யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறது. எதிர்த்தரப்பு ‘வி வில் கன்சிடர் இட்’ என்றால் அது சம்மதம் அல்ல. சில சமயம் மரியாதையான மறுப்புகூட. அதனால் உங்களுக்கு வேண்டியது விடுப்பு என்றால் விடுப்பு வேண்டும் என்று ஒரு வரியில் நேராகக் கேட்டுவிட்டு, அதன்பிறகு ‘கன்சிடர்’ போடுங்கள். ‘கைண்ட்லி கன்சிடர் மை கேஸ்’ என்று மட்டும் எழுதினால், என்ன கேட்கிறீர்கள் என்றே படிப்பவருக்குப் புரியாமல் போகலாம்.

பேச்சில் மென்மையாகக் கேட்க ‘வுட் யூ கன்சிடர்’ நல்ல தொடக்கம், பின்னால் மறக்காமல் ‘இங்’: ‘வுட் யூ கன்சிடர் ஜாயினிங் அஸ்?’ யோசனை சொல்ல ‘யூ மைட் கன்சிடர்’. மேலதிகாரியோ கட்டுரையைத் திருத்துபவரோ உங்களிடம் இப்படிச் சொன்னால் அதை விருப்பம்போல் விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் ‘மாற்றுங்கள்’ என்பதன் நாகரிக வடிவம் அது.

‘கன்சிடர் இட் டன்’ என்றால் முடிந்த மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். இது நட்பான பேச்சு நடை, முறையான கடிதத்தில் பொருந்தாது.

11. வேறு சொல் போட வேண்டிய இடங்கள்

வீட்டுப் பேச்சில் ‘போகலாமென்று இருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் திங்கிங் ஆஃப் கோயிங்’ போதும். ‘கன்சிடரிங்’ போட்டால் சாதக பாதகங்களை எழுதி வைத்து யோசிப்பதுபோல இருக்கும். சினிமாவுக்குப் போக அவ்வளவு தேவையில்லை.

ஒரு குழு கூடிப் பேசி முடிவெடுப்பது ‘டெலிபரேட்’. வினையாக வரும்போது ‘ரேட்’. ‘வேண்டுமென்றே’ என்ற பெயரடையாக வரும்போது ‘டெலிபரட்’. முடிவு எதுவும் தேவைப்படாமல் ஆழ்ந்து சிந்திப்பது ‘கன்டெம்ப்ளேட்’, இதற்கும் செயல் வந்தால் ‘இங்’ தான். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பது ‘ரிஃப்ளெக்ட் ஆன்’, ‘ஆன்’ விடாதீர்கள். அவசரமில்லாமல் சில நாள் மனதில் போட்டு வைப்பது ‘மல் ஓவர்’.

12. எழுதியதைச் சோதிக்கும் வரிசை

இதுவரை சொன்னதை ஒரு மோசமான கடிதத்தில் செய்து பார்ப்போம். நான்கே வரி:

‘ஐ ஆம் கன்சிடரிங் யுவர் கம்பெனி ஆஸ் எ குட் பிளேஸ். ஐ கன்சிடர் டு சேஞ்ச் மை ஃபீல்ட். ஐ ஹோப் மை அப்ளிகேஷன் இஸ் கன்சிடர்ட் நவ். பிளீஸ் கன்சிடர் அபவுட் மை எக்ஸ்பீரியன்ஸ்.’

முதலில் இலக்கணத்தைத் தொடாமல் ஒவ்வொரு வரிக்கும் பொருள் எண் போடுங்கள். முதல் வரி கருத்து, ஆக இரண்டு. அடுத்த வரி யோசனை, ஒன்று. மூன்றாவது பரிசீலனை, ஒன்று. கடைசி வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம். அனுபவத்தைக் கணக்கில் எடுங்கள் என்பதுதான் நோக்கம், எனவே மூன்று.

எண் போட்டதும் திருத்தம் தானாக விழும். கருத்துக்குத் தொடர் நிகழ்காலம் கிடையாது, ‘ஆஸ்’ தேவையில்லை: ‘ஐ கன்சிடர் யுவர் கம்பெனி எ குட் பிளேஸ் டு வொர்க்’. யோசனைக்குத் தொடர் நிகழ்காலமும் ‘இங்’கும்: ‘ஐ ஆம் கன்சிடரிங் சேஞ்சிங் மை ஃபீல்ட்’. இது இலக்கணப்படி சரி, ஆனால் வேலை கேட்கும் கடிதத்தில் இன்னும் முடிவே எடுக்கவில்லை என்று சொல்வது யாருக்கும் உதவாது. முடிவெடுத்துவிட்டால் ‘ஐ ஹேவ் டிசைடட் டு சேஞ்ச்’ என்று எழுதுங்கள். அங்கே ‘டு’ சரி. மூன்றாவது வரியில் ‘பீயிங்’ சேர்த்தால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் அந்த வரியே வேண்டியதில்லை, எடுத்துவிடுங்கள்.

கடைசி வரி: ‘பிளீஸ் டேக் மை எக்ஸ்பீரியன்ஸ் இன்டு கன்சிடரேஷன்’. அதற்கு முன்னால், எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று ஒரு வரி வேண்டும். நான்கு வரியிலும் அது இல்லை.